பதினேழாவது கணினி

ரென் நகரத்து ஆய்வகத்தில் பதினாறு கணினிகள் சேர்ந்து ஒரே கணினிபோல் வேலை செய்தன. எந்தக் கோப்பை வைத்தாலும் மூன்று கணினிகளில் அதன் நகல் இருக்கும். அங்கே வேலை பார்த்து, குளிர்காலத்தில் இறந்துபோன தடெக், அதைச் சோதிக்கத் தன் குரலைப் பதிந்து வைத்திருந்தான். வேறெங்கும் அவன் குரல் இல்லை. அதை வாங்க நான்கு மணிக்கு அவன் மனைவி அன்னிக் வருவதாக இருந்தாள். காலையில் ஆய்வகத்தின் நிரலாளர் கில்தாஸ், இடம் வேண்டுமென்று, பழைய சோதனைக் கோப்புகளையெல்லாம் அழித்துவிட்டிருந்தான்.

“மூணு நகல் இருக்கேன்னு நெனச்சேன், நோல்வென்.”

“அழிக்கச் சொன்னா மூணையும் சேத்துத்தான் அழிக்கும், மண்டு! அந்தப் புரோகிராம எழுதுனதே நீதான?”

அவனோடு வேலை பார்க்கும் நோல்வென் நம்பிக்கையில்லாமல் தேடிப் பார்த்தாள். நகல் ஒன்று இருந்தது. இடம், கணினி பதினேழு.

பதினேழு தடெக்கின் கணினி. ஜனவரியிலேயே அதைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள்.

இருவரும் கோப்பைப் பென்டிரைவில் ஏற்றினார்கள். நான்கு மணிக்கு வந்த அன்னிக் தடெக்கின் குரலை அங்கேயே போட்டுக் கேட்டாள்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு… அன்னிக், சிரிக்காதடி, பதிவாகுது.”

அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

அவள் போனதும் கில்தாஸ் கணினி அடுக்கின் பதினேழாம் தட்டுக்குள் கையை விட்டான். அங்கே ஒன்றுமில்லை. தட்டு மட்டும், பூனை இப்போதுதான் எழுந்து போன இடம்போல, இளஞ்சூடாக இருந்தது.