மேஜை மேல் செம்புக் குழாய்

போலீஸ் ஹவல்தார் பாக்குவெட்டியைக் கீழே வைத்தபோதுதான் லூர்து மேரி டீச்சர் அந்தக் குழாயைப் பார்த்தாள்.

செம்புக் குழாய். சுருளாக வளைந்தது. மேஜையின் கோடியில், பித்தளைச் செம்புக்கும் லாந்தருக்கும் நடுவில் கிடந்தது.

தாராவியில் அது என்னவென்று கேட்கவேண்டியவர்கள் யாருமில்லை. நான்காம் வகுப்பில்கூட இல்லை.

வெளியே சந்தில் போலீஸ் சாராயம் தேடிக் குடிசை குடிசையாகப் புரட்டிக்கொண்டிருந்தது. தகர டிரம் உருண்டது. பானை உடைந்தது. புளித்த வெல்லத்தின் வாடை வகுப்புக்குள் வந்தது.

ஹவல்தார் தண்ணீர் குடிக்கத்தான் உள்ளே வந்தார். குடித்துவிட்டுப் போயிருப்பார். மேஜை அவரை நிறுத்திவிட்டது.

சரித்திரப் பாடத்துக்காக அவள் போட்ட மேஜை. ஆளுக்கொரு பழைய பொருளை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். யாராவது அதைக் கையில் எடுத்தால், கொண்டுவந்த பிள்ளை எழுந்து பதில் சொல்ல வேண்டும். யாருடையது, எங்கிருந்து வந்தது, எதற்குப் பயன்பட்டது. பொய் சொன்னால் வகுப்பே சேர்ந்து "தப்பு" என்று கத்தலாம்.

அந்தக் கத்தலுக்காகவே பிள்ளைகள் காத்திருந்தார்கள். காலையில் சுயம்பு, தன் கத்தி பாஞ்சாலங்குறிச்சிச் சண்டையில் இருந்தது என்றான். கூரைத் தகடு அதிர்ந்தது.

"உங்கய்யா தோல் செதுக்குத கத்தில்லா அது," என்றாள் ஹபீபா.

ஹவல்தாருக்கும் விளையாட்டுப் பிடித்துப்போனது. ஒரு ட்ராம் டிக்கெட்டை எடுத்தார். வானமாமலை எழுந்து, அப்பாவுடையது, தாதருக்குப் போனது என்றான். அவர் கேட்காமலேயே லூர்து மேரி அதை இந்தியில் சொன்னாள்.

போன வருஷத்து டிக்கெட் எப்படிச் சரித்திரமாகும் என்று அவர் இந்தியில் கேட்டார். ட்ராம் இனி வராதே என்றாள். சிரித்தார்.

பிறகு பாக்குவெட்டி. பிறகு அவர் கை குழாய்க்குப் போனது.

"யே கிஸ்கா ஹை?" இது யாருடையது என்றார்.

பேராச்சி எழுந்தாள்.

பேராச்சிக்கு அப்பா இல்லை. அவள் அம்மா சொர்ணம்மாள் போன மழைக்காலத்தில் சாராயக் கேஸில் ஜெயிலுக்குப் போனாள். அம்மா திரும்பி வரும்வரை பேராச்சி பள்ளிக்கு வரவில்லை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருத் தண்ணீர்க் குழாயடியில் நின்றிருப்பாள். இன்னொரு முறை பிடிபட்டால் இத்தனை சீக்கிரம் விடமாட்டார்கள்.

உட்கார், என்று லூர்து மேரி கண்ணைக் காட்டினாள். பேராச்சி அவளைப் பார்க்கவில்லை. ஹவல்தாரைப் பார்த்தாள்.

"எங்கம்மாவோடது."

"இவள் தாத்தாவுடையது," என்றாள் லூர்து மேரி, இந்தியில்.

வகுப்பு அசையவில்லை. அங்கே எல்லோருக்கும் இந்தி தெரியும். சந்தில் கோலி ஆடுவதும் சண்டை போடுவதும் இந்தியில்தான்.

"குர்லாவுல, பழைய சாமான் கடையில வாங்குனோம்."

"ஊரிலிருந்து கொண்டுவந்தார்களாம்."

சுயம்பு வாயைத் திறந்தான். பின்னாலிருந்து ஹபீபா அவன் முதுகைக் கிள்ளினாள்.

ஹவல்தார் குழாயின் ஒரு முனையை மூக்கருகே கொண்டுபோனார். எதற்குப் பயன்பட்டது என்று அவர் கேட்கவில்லை. பேராச்சி காத்திருக்கவில்லை. விளையாட்டு அப்படித்தான்.

"சாராயம் காய்ச்சுததுக்கு."



"ஓமத் தண்ணீர்," என்றாள் லூர்து மேரி, அவசரமாக இந்தியில். "தாத்தா நாட்டு வைத்தியர். வயிற்று வலிக்கு ஓமத் தண்ணீர் இறக்கிக் கொடுப்பார். குழந்தைகளுக்குத்தான் அதிகம்."

தன் குரல் ஏறிக்கொண்டே போவது அவளுக்கே கேட்டது.

ஒரு பிள்ளை போதும். ஒரே ஒரு "தப்பு". பயப்படாமல் சொல்லுங்கள், யாராக இருந்தாலும் சொல்லுங்கள் என்று பழக்கியவள் அவள்தான்.

யாரும் கத்தவில்லை.

ஹவல்தார் பேராச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தில் விசில் கேட்டது. அவர் குழாயை எடுத்த இடத்திலேயே வைத்தார். லாந்தரை நகர்த்தி அதற்கு முன்னால் வைத்தார்.

"மேஜை நன்றாக இருக்கிறது, டீச்சர் பாயி," என்றார் இந்தியில். "எதையும் எடுக்க வேண்டாம். நாளைக்கும் இப்படியே இருக்கட்டும்."

தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

நாளைக்கு அதிகாரியோடு வருவார். பொருள் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். சாட்சிக்கு டீச்சர் இருக்கிறாள். சொன்ன பொய்யும் இருக்கிறது.

பூட்ஸ் சத்தம் தேய்ந்ததும் அவள் குழாயை எடுத்துப் பேராச்சியின் கையில் திணித்தாள்.

"பின்பக்கமா ஓடு. சாக்கடையில போட்டுட்டு வா. அம்மாகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

பேராச்சி ஓடவில்லை. குழாயை லாந்தருக்குப் பின்னால் மறுபடி வைத்தாள். வெளியே தெரிந்த முனையை உள்ளே தள்ளினாள்.

"அவருக்குத் தமிழ் தெரியும் டீச்சர். எங்கம்மாவ அக்கான்னுதான் கூப்பிடுவாரு."

லூர்து மேரி ஹவல்தார் போன வாசலைப் பார்த்தாள்.

"வீட்டுல வச்சிருக்காதீங்கன்னு நேத்தே வந்து சொன்னாரு. நாளைக்கும் ரெய்டு இருக்கும்போல. அதான் இங்கயே இருக்கட்டும்ங்காரு."

சந்தில் இன்னொரு பானை உடைந்தது.

லூர்து மேரி வகுப்பைப் பார்த்தாள். சுயம்பு, ஹபீபா, வானமாமலை, எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் இது முன்பே தெரிந்திருந்தது.

"அப்ப ஓமத் தண்ணி?" என்றான் சுயம்பு.



வகுப்பு மொத்தமும், வெளியே கேட்காத குரலில், "தப்பு" என்றது.