துலுக்காத தலை

வேலிக்கு இந்தப் பக்கம் நான்கு பேர். மகன் செந்தட்டிக்காளை. மருமகள் பொன்மாரி. அவளுடைய தகப்பனார் உக்கிரபாண்டியன். பிறகு அவர்.

அந்தப் பக்கம் ஒரே ஒரு செம்மான்.

துப்பாக்கி அவர் கையில் இருந்தது.

நியூசிலாந்துக் குளிருக்கென்று மகன் வாங்கித் தந்த கம்பளிக் கோட்டை அவர் போட்டுக்கொள்ளவில்லை. வேட்டி, சட்டை. முதுகு நிமிர்ந்தே இருந்தது.

மகனின் பண்ணையில் கொம்புக்காகவே மான் வளர்த்தார்கள். பெரிய கொம்புக்காரனின் வாரிசுகளையே பார்த்துப் பார்த்து இணை சேர்த்தார்கள். கொம்பு முற்றியதும் யாராவது வந்து சுடுவார்கள். தலையைப் பாடம் பண்ணி எடுத்துப்போவார்கள்.

இதன் கொம்பு கொம்பு மாதிரியே இல்லை. புயலில் சாய்ந்த ஆலமரத்தின் வேர்ப்பக்கம் போல, கிளைக்குள் கிளையாக விரிந்து கிடந்தது. பாரத்தில் கழுத்து தாழ்ந்திருந்தது.

அதன் தகப்பன், பாட்டன், பூட்டன் பெயர்களையெல்லாம் மகன் சொன்னான். அவர் கேட்டுக்கொண்டார். தம் வீட்டில் அப்படிச் சொல்லிக்காட்டுகிறவர் அவர்தான்.

"இந்தத் தல உங்களுக்குன்னே வச்சிருந்தேன், ஐயா. புது வீட்டுக் கூடத்துல, எங்க ஐயா சுட்டதுன்னு மாட்டணும்."

மகன் தீனி வாளியைத் தட்டினான்.

ஓடும் என்று நினைத்தார். மான் வேலியை நோக்கி நடந்து வந்தது.

அவருடைய வம்சத்தில் ஓடாத மிருகத்தை யாரும் சுட்டதில்லை.

மாட்டேன் என்றால் மாமனார் முன்னால் மகன் குனிவான். சுட்டால், செத்துப்போன அத்தனை பேர் முன்னாலும் இவர் குனிய வேண்டும்.

திரும்பிப் பார்த்தார். படம் பிடிக்கக் கைபேசியை உயர்த்தியபடி சம்பந்தி வழியை அடைத்து நின்றார்.

"என்ன சம்பந்தி யோசிக்கீங்க? எளநிய விட்டுட்டு காம்ப மட்டும் சுட்டு எறக்குன கையில்லா அது? அய்யனாருக்குக் கெடா வளத்து வெட்டுதோம்லா, அதே மாதிரிதான்."

"தண்ணி தெளிச்சு, அது துலுக்குனாத்தான் வெட்டுதோம்."

உக்கிரபாண்டியன் சிரித்தார். "அதான் வானமே தெளிக்குதே."

தூறிக்கொண்டிருந்தது. மானின் நெற்றியில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

கெடா என்றால் மறுநொடியே உடம்பை உதறித் துலுக்கியிருக்கும். சம்மதம் கிடைத்துவிட்டது என்று அரிவாளை ஓங்கியிருப்பார்கள்.

அவர் காத்திருந்தார்.

மான் துலுக்கப் பார்த்தது. கழுத்து நரம்பு புடைத்தது. தலை அசையவில்லை. இன்னொரு முறை முயன்றது. பிறகு விட்டுவிட்டது.

ஈரம் காதுக்குள்ளேயே இருந்தது.

பொன்மாரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் துப்பாக்கியைத் தோளில் பதித்தார். சுட்டார்.

வலக்கொம்பு அடியோடு முறிந்து புல்லில் விழுந்தது.

மகன் வாளியைக் கீழே வைத்தான். ஒற்றைக் கொம்புத் தலையை எந்தக் கூடத்தில் மாட்டுவது?

மான் ஓடியது. இதுவரை அது ஓடி அவர்கள் யாரும் பார்த்ததில்லை. மேட்டில் போய் நின்று, ஒருபக்கம் சாய்ந்த தலையை நன்றாகத் துலுக்கியது. நீர் நாலாபக்கமும் தெறித்தது.

"மாமா, துலுக்கிருச்சு," என்றாள் பொன்மாரி மெதுவாக.

அதற்குள் அவர் துப்பாக்கியை மகனிடம் கொடுத்திருந்தார்.

"ஊருக்குப் போனதும் ஒரு நல்ல டாக்டர்ட்ட கண்ணக் காட்டுங்க, சம்பந்தி."

"காட்டுதேன்," என்றார்.

கிழவருக்குப் பார்வை போய்விட்டது, நெற்றிக்கு வைத்த குறி கொம்பில் பட்டுவிட்டது என்று சங்கரன்கோவில் பக்கம் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். அவர் யாரிடமும் மறுத்துப் பேசியதில்லை.

அவருக்குப் பார்வை போகவில்லை.