சாமிக்குச் சொன்ன முடி

பார்லரில் மேகலா, சுபாஷிணியின் மெல்லிய முடியை இளஞ்சூட்டுக் கம்பியில் சுருட்டிக்கொண்டிருந்தாள். வழுக்கைக்குப் போட்ட புதுச் சொட்டு மருந்தில் முளைத்த முடி அது. தொட்டால் தோலைப் போலவே அதற்கும் உணர்ச்சி உண்டு.

சீப்பில் ஓர் இழை சிக்கி அறுந்தது. சுபாஷிணி பல்லைக் கடித்தாள். அறுந்த நுனியில் ரத்தம் துளிர்த்தது. மேகலா பஞ்சால் ஒற்றினாள்.

"ரொம்ப வலிக்குதா?"

"நகத்தப் பிடுங்கின மாதிரி இருக்குக்கா."

"இன்னிக்கு என்ன விசேஷம்?"

"ஒரு போட்டோ எடுத்துக்கத்தான். முடி வளர்ந்தா பழனியில எனக்கு மொட்டை போடறதா மாமியார் வேண்டிக்கிட்டாங்க. நாளைக்குக் கிளம்பறோம். வலிக்கும்னு சொல்லிட்டேன். வேண்டுதலை மாத்தக் கூடாதாம்."

மேகலாவின் கை நின்றது.

மாமியார் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "பாத்துச் சீவும்மா. முருகனுக்குச் சொன்ன முடி, ஒண்ணுகூடக் குறையக் கூடாது."