ஜனத்தோடு ஜனமாக

“வந்துட்டியா? காலையிலேர்ந்து வாசலைப் பார்த்துப் பார்த்துக் கண்ணே பூத்துப்போச்சு. பையை ஓரமா வச்சுட்டு, முதல்ல குழாயில தண்ணி ஏன் வரலைன்னு பாரு.”

முதுகில் மூட்டை போன்ற ஒரு பையுடன் அன்று மதியம்தான் தீவில் வந்து இறங்கியிருந்த இளைஞன் அப்படியே நின்றுவிட்டான். குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்கலாம் என்றுதான் அந்தக் கடலோர வீட்டின் கதவைத் தட்டினான். கதவைத் திறந்த அம்மாள் யார், எவர் என்று கேட்கவில்லை. பெற்ற பிள்ளையைத் திட்டுவது போல் திட்டி உள்ளே கூப்பிடுகிறாள். தீவுக்காரர்களின் மனசே மனசு என்று அவன் நெகிழ்ந்துபோனான்.

வீட்டில் அவனுக்குத் துரை என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, குடித்த டம்ளரைக்கூடக் கழுவப் போடாததால் அக்கா வைத்தது. தனியாகத் தீவுக்குப் போகிறேன், ஓட்டல் பக்கமே போகாமல் அங்கே ஜனத்தோடு ஜனமாக வாழ்ந்து காட்டுகிறேன் என்று அவன் சவால் விட்டபோது அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் அவனைப் படகேற்றி அனுப்பியது.

துரை ஏணி வைத்து மொட்டை மாடிக்கு ஏறினான். தொட்டியின் குழாய் வாயில் ஒரு கூடை இலை அடைத்துக்கொண்டிருந்தது. அள்ளிப் போட்டதும் கீழே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. அம்மாளின் வீட்டுக்காரர், எல்லாருக்கும் அய்யா என்று அழைக்கத் தோன்றும் தொந்தி கொண்ட மனிதர், கைதட்டியே விட்டார். சுடச்சுடச் சோறு கிடைத்தது. படுக்கப் பின்கட்டு அறையும் கிடைத்தது.

மறுநாளே துடைப்பம் கைக்கு வந்தது. பிறகு தேங்காய் உரித்தல், துணி உலர்த்துதல், மீன் வெட்டுதல். மீனைக் கையில் வைத்துக்கொண்டு அவன் திருதிருவென்று விழித்தபோது, உன் இஷ்டப்படி வெட்டு, நாங்கள் ஒன்றும் சொல்லமாட்டோம் என்று அம்மாள் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டாள். லாரியில் அடிபட்டது போல் தட்டுக்கு வந்த மீனை இருவரும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்கள். அய்யா மட்டும் செதிலை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் மரியாதையாக அடுக்கிவைத்தார்.

அக்காவுக்குப் போன் போட்டு, வீடு பெருக்கினேன் என்றான். பக்கத்தில் பெரியவர்கள் யாராவது இருந்தால் போனைக் கொடு என்றாள் அவள்.

ஒரு நாள் காலையில் அய்யா காபியோடு பின்பக்கம் வந்தார். அங்கே சின்னப் படகு ஒன்று கட்டிக் கிடந்தது.

“என்னப்பா, இன்னிக்குக் கடல் எப்படி?”

சோதிக்கிறார் என்று நினைத்தான் துரை. கண்ணைச் சுருக்கி வானத்தைப் பார்த்தான். கொஞ்சம் காற்றை மோந்தான். “நல்லாத்தாங்கய்யா இருக்கு.”

அப்புறமென்ன என்று அய்யா படகில் ஏறிச் சம்மணம் போட்டுக்கொண்டார். துரை கயிற்றை அவிழ்த்துத் தானும் ஏறி, மரியாதையாகத் துடுப்பை அவர் பக்கம் தள்ளினான். அவரும் மரியாதையாக அதை அவன் பக்கமே தள்ளினார். இந்த மரியாதை நடந்துகொண்டிருந்தபோதே அலை படகை இழுத்துக்கொண்டு போய்விட்டது. படகு தட்டாமாலை சுற்றியது. கரை சிறுத்துக்கொண்டே வந்தது. துரை படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அய்யாவோ நாற்காலியில் சாய்ந்தவர் போல் மேகத்தை ரசித்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்குப் பயமா இல்லீங்களா?”

“நீ இருக்கும்போது எனக்கென்னப்பா பயம்?”

இப்படி ஒரு வார்த்தையை அவனிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. துரை துடுப்பை எடுத்தான். முன்னே பின்னே தெரியாவிட்டாலும் தண்ணீரைப் போட்டு அடி அடி என்று அடித்தான். உள்ளங்கை உரிந்தது. கடைசியில் ஒரு மீன்பிடிப் படகுதான் கயிறு வீசி இருவரையும் கரைக்கு இழுத்து வந்தது. அந்தப் படகுக்காரர்கள் வழியெல்லாம் எதற்குச் சிரித்தார்கள் என்று அவனுக்கு விளங்கவில்லை.

அம்மாள் அவன் கையில் மருந்து தடவிக்கொண்டே, இவ்வளவு பஞ்சு மாதிரிக் கையை வைத்துக்கொண்டு இத்தனை நாள் நீ என்ன வேலைதான் பார்த்தாய் என்று அங்கலாய்த்தாள். துரை தலையைக் குனிந்துகொண்டான். அன்று ராத்திரிச் சாப்பாட்டுப் பாத்திரங்களை அவள் சொல்லாமலே கழுவிவைத்தான்.

அவன் விடுமுறையும் முடிந்தது. கிளம்புகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் அம்மாளே, “காலையில போட்டைப் பிடிக்கணும். நினைச்சாலே கஷ்டமா இருக்கு” என்று பெருமூச்சு விட்டாள். தன் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டுவிட்டாளே என்று அவனுக்குக் கண் கலங்கியது. வழியனுப்ப நின்றால் அழுதுவிடுவோமென்று, விடிந்ததும் வாசலைப் பெருக்கிவிட்டு முன்னதாகவே படகுத்துறைக்கு நடந்துவிட்டான்.

படகு புறப்படும் நேரத்தில் ஒரு வண்டி வந்து நின்றது. அய்யாவும் அம்மாளும் வேகவேகமாக இறங்கி வந்தார்கள். எனக்காக இவ்வளவு தூரமா என்று, படகில் உட்கார்ந்திருந்த துரை கை அசைக்க எழுந்தான். வண்டிக்காரர் நான்கு பெரிய பெட்டிகளைக் கொண்டுவந்து அவன் காலடியில் இறக்கினார். பின்னாலேயே அய்யாவும் அம்மாளும் படகில் ஏறினார்கள்.

அவனைப் பார்த்ததும் அய்யா திகைத்துப்போனார்.

“நாங்க லீவு முடிஞ்சு எங்க ஊருக்குப் போறோம், சரி. வீட்டைப் பார்த்துக்கிற உள்ளூர் ஆளு, நீ எங்கப்பா பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டே? நாளைக்கு வாடகைக்கு வர்றவங்களுக்கு யாரு கதவு திறந்து விடுவா?”