பாதி விலை சிப்

"இந்த விலைக்கு இவ்வளவு வேகமா, பாய்?" செண்பகாவால் நம்ப முடியவில்லை.

"எல்லாம் நான் போட்ட சிப்புதான், மேடம். பாதி விலை. வேகம் பத்தலேன்னா அக்கம்பக்கத்து மெஷின்ல இருந்து இழுத்துக்கும்."

புதுக் கம்ப்யூட்டரை முழு லோடில் ஓட்டிக் காட்டாமல் இர்ஃபான் எந்த வீட்டிலிருந்தும் கிளம்பியதில்லை. இங்கும் ஓட்டினான்.

அடுத்த அறையில் செண்பகாவின் அப்பாவுக்குப் பொருத்தியிருந்த சுவாசக் கருவி திணறியது.

"ஐயோ, நிறுத்துங்க!"

இர்ஃபான் கம்ப்யூட்டரின் பிளக்கையே பிடுங்கினான். கருவி சீரானது.

மறுநிமிடம் மீண்டும் திணறியது.

"அதான் பிடுங்கிட்டீங்களே, இப்ப எது இழுக்குது?"

இர்ஃபான் மேலே பார்த்தான். "மேல் வீட்டுக்கும் நான்தான் மேடம் போட்டுக் கொடுத்தேன்."

செண்பகா மாடிக்கு ஓடினாள். கதவில் பூட்டு தொங்கியது. உள்ளே கம்ப்யூட்டரின் ஃபேன் முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்தது.