கைப்பையில் கடல்

தீவிலிருந்து யாரும் சங்கு கொண்டுபோகக்கூடாது. விமான நிலையச் சோதனையில் கோமளத்தம்மாளின் கைப்பையிலிருந்த சங்கைக் காவல் பணியிலிருந்த ஜெசிந்தா எடுத்து வைத்தாள்.

"வீட்டுக்காரர் படுத்த படுக்கைம்மா. கடல் சத்தத்தைக் கொண்டான்னு சொல்லிவிட்டாரு."

"அப்ப போன்லயே கேக்க வைங்க."

கோமளத்தம்மாள் கணவருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, சங்கின் வாயருகே பிடித்தாள்.

"ஒண்ணும் கேக்கலியே," என்றார் அவர்.

ஜெசிந்தா அந்தப் போனை வாங்கிக்கொண்டு, பக்கத்திலிருந்தவளிடம் வரிசையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, பின்கதவு வழியாகக் கடலோர மதில்வரை ஓடினாள். போனை அலைகளுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

போனில் அவர் பதறினார்.

"கோமளம், தண்ணிக்குள்ளயா நிக்கிற? இப்படி மூச்சு வாங்குதே! கரைக்கு வந்துரு, போதும்."

ஜெசிந்தா மூச்சை அடக்கிக்கொண்டு, கையை இன்னும் எட்டி நீட்டினாள்.