வாளி நிரம்பும் சத்தம்

அப்பா குளிக்கப் போனால், வாளியில் தண்ணீர் விழும் சத்தத்தைச் சமையலறையில் நின்றே அளந்துவிடுவாள் மகள். இப்போதும் அளக்கிறாள். காலி வாளியில் தடதடவென்று கொட்டிய சத்தம், பாதி ஏறியதும் கனக்கிறது. குழாயில் வெந்நீர் வந்து சேரும்வரை வருகிற பச்சைத் தண்ணீரை அவர் வாளியில் பிடித்து வைப்பார். வீடு துடைக்க ஆகும். காலமெல்லாம் தண்ணீர் லாரி ஓட்டியவர். "சாக்கடையில விட, வீட்டுக்குள்ள ஆறா ஓடுது?" என்பார். வாளி தளும்புமுன் வெந்நீர் வந்துவிடும், "வந்தாச்சும்மா!" என்ற குரலோடு குழாய் அடங்கும். இன்று சத்தம் மெலிந்து விளிம்புவரை ஏறுகிறது. குரல் வரவில்லை. தண்ணீர் தரையில் சளசளவென்று வழியத் தொடங்குகிறது. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுகிறாள். "அப்பா, வாளி வழியுது பாருங்க!" குளியலறைக் கதவைத் தட்டுகிறாள். "அப்பா, விளையாடாதீங்கப்பா!" தாழ்ப்பாள் போடாதீங்க என்று நேற்றுகூடக் கெஞ்சினாள். "நான் என்ன பச்சப்புள்ளயா?" என்று சிரித்தார். தோளால் இடிக்கிறாள், கதவின் மேல் போட்டிருக்கும் துண்டு மட்டும் ஆடுகிறது. ஒரு சொட்டுச் சிந்தினாலே துடித்துப்போகிற மனிதர். வெந்நீர் இன்னும் வந்திருக்காது, அதற்குத்தான் காத்து நிற்கிறார், காதில் விழவில்லை, அவ்வளவுதான் என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறாள். கதவின் அடியிலிருந்து ஊர்ந்து வரும் தண்ணீர் அவள் கால்விரல்களைத் தொடுகிறது, வெதுவெதுவென்று.